ஒரே புயல், இரண்டு அளவுகோல்: ஓகியில் தப்பிய ஒரு மீனவரின் நிகழ்வு ஆய்வு

ஓகி புயலில் கவிழ்ந்த படகிலிருந்து உயிரோடு திரும்பிய ஒருவரைப் பற்றியது இந்த ஆய்வு. டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க நோயறிதல் கையேட்டின் விதிகளை வைத்துப் பார்த்தபோது அவருக்கு பிடிஎஸ்டி, அதாவது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய், இருந்தது. அதே வாரம் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11-இன் விதிகளை வைத்துப் பார்த்தபோது இல்லை. இந்த முரண் எங்கிருந்து வந்தது, அதைத் தீர்க்கப் போனதில் என்ன தெரிந்தது, சிகிச்சையை அது எப்படி மாற்றியது என்பதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காண முடியாதபடி வயது, குடும்பம், ஊர் விவரங்களை மாற்றியிருக்கிறேன். இதே மாதிரிச் சிக்கலோடு வந்த வேறு சிலரின் விவரங்களும் இதில் கலந்திருக்கின்றன.

வந்த வழி

வயது 46. கன்னியாகுமரி மாவட்டத்தில் நீரோடி தொடங்கி இரையுமன்துறை வரை அடுத்தடுத்துக் கிடக்கும் எட்டுக் கடற்கரை ஊர்களில் ஒன்றைச் சேர்ந்தவர். விசைப்படகில் டிரைவர். இந்தப் பகுதிக்காரர்கள் கரையோரம் வலை போட்டுவிட்டு மாலையில் திரும்புகிறவர்கள் அல்ல. போனால் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கிச் சுறாவும் சூரையும் பிடிப்பவர்கள்.

மனநலப் பிரிவுக்கு அவராக வரவில்லை. நெஞ்சு படபடப்பு என்று இசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தாயிற்று. இதயத்தில் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிய பிறகும், 2023-இல் ஒரு மழை இரவில் மறுபடி அவசரப் பிரிவுக்கு வந்தார். பணியில் இருந்த இளம் மருத்துவர், "அண்ணே, ஓகி சமயத்துல நீங்க கடல்லயா இருந்தீங்க?" என்று கேட்டிருக்கிறார். அதற்கு முன் பார்த்த யாரும் அதைக் கேட்கவில்லை. ஒரு தனியார் கிளினிக்கில் தூக்கத்துக்கு எழுதிக் கொடுத்த குளோனசெபாம் மாத்திரை ஒரு வருடத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருந்தது. கரையில் இருக்கும் நாட்களில் மாலையானால் குடியும் உண்டு.

மனைவி சொன்னது இது: "பிள்ளையள அடிக்கதில்ல, ஏசதில்ல. பேசதும் இல்ல. மழ வந்தா மட்டும் எல்லாரையும் எழுப்பி உக்கார வச்சிருவாரு."

நடந்தது

2017 நவம்பர் 29 அன்று காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது மறுநாள் காலைக்குள் புயலாகிக் குமரி முனையை ஒட்டிப் போனது. கரையில் ரப்பரும் வாழையும் மின்கம்பங்களும் சாய்ந்தன. ஆழ்கடலுக்குப் போயிருந்த படகுகளுக்குச் செய்தி சேர வழியே இல்லை. வயர்லெஸ் எட்டும் தூரத்தைத் தாண்டி அவை எங்கேயோ நின்றன. தப்பியவை லட்சத்தீவிலும் மகாராஷ்டிரக் கரையிலும் குஜராத்திலும் ஒதுங்கின.

இவருடைய படகு இரவில் கவிழ்ந்தது. ஒரு பிளாஸ்டிக் கேனைப் பிடித்துக்கொண்டு இவரும் அக்காவின் மகனும் மிதந்தார்கள். மருமகனுக்கு 22 வயது. மாமாவோடு வேலை கற்றுக்கொள்ள வந்தவன். இரண்டாவது இரவு அவன் போய்விட்டான். மறுநாள் வேறொரு படகு இவரைத் தூக்கியது. மருமகனின் உடல் கிடைக்கவில்லை.

சில மாதங்களில் மறுபடி கடலுக்குப் போனார். கடன் இருந்தது, வேறு தொழில் தெரியாது. முதல் நான்கு வருடம் எப்படியோ ஓடியது என்றார். 2022-இல் நடுக்கடலில் எஞ்சின் நின்று ஓர் இரவு முழுக்கப் படகு காற்றில் இழுபட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, இன்னொரு படகு வந்து கட்டி இழுத்து வந்தது. எல்லாம் மோசமானது அதற்குப் பிறகுதான்.

2004 சுனாமியையும் கேட்டுக்கொண்டோம், இந்த மாவட்டத்தில் கேட்காமல் இருக்க முடியாது. அன்றைக்கு அவர் ஆழ்கடலில் இருந்தார். ஆழமான நீரில் சுனாமி அலை உயர்ந்து நிற்பதில்லை. குளச்சலிலும் மணக்குடியிலும் நடந்தது இவருக்குக் கரை வந்த பிறகுதான் தெரியும்.

இரண்டு விதிகளும் கேட்பது

பிடிஎஸ்டி என்ற பெயர் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம் மூன்றாம் பதிப்பில், 1980-இல் வந்தது. அப்போது 'வழக்கமான மனித அனுபவத்துக்கு வெளியே உள்ள' நிகழ்வு என்று அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. கடலில் சாவு வழக்கத்துக்கு வெளியே என்று நம் கடற்கரையில் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள். நல்ல வேளை, 1994 பதிப்பில் அந்த நிபந்தனை போய்விட்டது.

2013-இல் வந்த டிஎஸ்எம்-5 இருபது அறிகுறிகளை நான்கு கொத்தாக வைக்கிறது. நினைவுகள் வலிய வந்து துன்புறுத்துவதில் ஐந்து, அவற்றில் ஒன்றாவது வேண்டும். தவிர்ப்பதில் இரண்டு, ஒன்று வேண்டும். எண்ணமும் மனநிலையும் கெடுவதில் ஏழு, இரண்டு வேண்டும். குற்ற உணர்வு, பற்று விட்டுப்போவது, யாரோடும் ஒட்டாமை எல்லாம் இங்கேதான் வரும். உடம்பும் மனமும் பதறிக்கொண்டே இருப்பதில் ஆறு, இரண்டு வேண்டும். தூக்கமின்மை, எரிச்சல், கவனம் சிதறுவது ஆகியவை இதில் அடங்கும். ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும், வாழ்க்கையைப் பாதிக்க வேண்டும், குடியோ மருந்தோ காரணமாக இருக்கக் கூடாது. இந்த விதிப்படி ஒருவர் எத்தனை விதமான அறிகுறிச் சேர்க்கையோடு வந்தாலும் நோயாளிதான் என்று கணக்கிட்டபோது 6,36,120 என்று வந்தது. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது அவ்வளவு பெரிய குறையாகப் படவில்லை, மனிதர்கள் அப்படித்தான் வருகிறார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 வேறு பாதையில் போகிறது. 2019-இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மனச்சோர்வுக்கும் பதற்ற நோய்க்கும் பொதுவான அறிகுறிகளை இது எண்ணுவதே இல்லை. மூன்றே மூன்று: நடந்தது இப்போது மறுபடி நடப்பதுபோல் அனுபவிப்பது, அதை நினைவூட்டுவதைத் தவிர்ப்பது, ஆபத்து இன்னும் இங்கேயே இருக்கிறது என்ற உணர்வு. மூன்றும் வேண்டும். வெறுமனே நினைவு வந்து அழுவது முதலாவதில் சேராது. தூக்கம் வரவில்லை, எரிந்து விழுகிறேன் என்பது மூன்றாவதில் சேராது; எப்போதும் உஷாராக இருப்பது, சிறு சத்தத்துக்கும் தூக்கிவாரிப்போடுவது இவைதான் கணக்கு. குற்ற உணர்வுக்கு இங்கே இடமில்லை. அடிக்கடி பொங்கும் அல்லது மரத்துப்போகும் உணர்ச்சி, தன்னையே இழிவாக நினைப்பது, உறவுகளில் நிலைக்க முடியாமை ஆகியவையும் சேர்ந்தால் சிக்கலான பிடிஎஸ்டி என்று தனி நோயாக எழுதச் சொல்கிறது.

பல நாடுகளில் நடந்த ஒப்பீடுகளில் ஐசிடி-11 பெரும்பாலும் குறைவான பேரைத்தான் பிடித்திருக்கிறது. ஆனால் அந்தக் குறைவான பேர் டிஎஸ்எம் பிடித்தவர்களுக்குள் அப்படியே அடங்கிவிடுவதில்லை. ஒன்றில் விழுந்து மற்றதில் விழாதவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள்.

முதல் மதிப்பீடு

டிஎஸ்எம்-5 அறிகுறிகளை மதிப்பெண் போட்டு அளக்கும் பிசிஎல்-5 கேள்வித்தாளைப் பேச்சுத் தமிழில் வாய்மொழியாகக் கேட்டோம். 80-க்கு 44. வழக்கமாக 31 முதல் 33 வரையிலான எண்ணைத்தான் கோடாகக் கொள்கிறோம், இது அதற்கு வெகு மேலே. நேர்காணலிலும் டிஎஸ்எம் கொத்துகள் ஒவ்வொன்றும் நிறைந்தன. புயல் பற்றிய பேச்சு வந்தால் நெஞ்சு அடித்துக்கொள்வது, கெட்ட கனவு, குற்ற உணர்வு, ஒட்டாமை, தூக்கமின்மை, எரிச்சல். அறிகுறிகள் முழுமையாகச் சேர ஐந்து வருடம் ஆனதால் 'தாமதமாக வெளிப்பட்டது' என்ற குறிப்போடு எழுதலாம். ஆறு மாதம் தாண்டினாலே டிஎஸ்எம் அப்படி எழுத இடம் தருகிறது.

ஐசிடி-11-க்காக உருவாக்கப்பட்ட ஐடிக்யூ கேள்வித்தாளில் கதை மாறியது. தவிர்ப்பு மட்டும் தெளிவாக இருந்தது. நடந்தது இப்போது நடப்பதுபோல் தோன்றுகிறதா? "அப்பிடி ஒண்ணும் இல்ல." கனவு? மருமகன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான், தண்ணீர் கேட்கிறான், அவ்வளவுதான். அதில் கடலும் இல்லை, புயலும் இல்லை. துக்கத்தில் எல்லோருக்கும் வரும் கனவுபோல் இருந்தது அது. டிஎஸ்எம் கனவின் உணர்ச்சி சம்பந்தப்பட்டிருந்தாலே ஏற்கும். ஐசிடி-க்குக் கனவின் கருவே நிகழ்வோடு சேர வேண்டும். எப்போதும் உஷாராக இருக்கிறீர்களா என்றதற்கு ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "கடல்ல வேல செய்யவன் வானத்தப் பாக்காம இருப்பானா சார்?" என்றார். நியாயமான பதில். பூஜ்யம் போட்டோம்.

தவிர்ப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கடலில் அடிபட்டவர் கடலுக்கே போகிறார் என்றால் தவிர்ப்பு எங்கே இருக்கிறது என்று ஒரு பயிற்சி மாணவர் கேட்டார். கடலைத் தவிர்க்க வசதி வேண்டும். வட்டி கட்டுகிறவருக்கு அது இல்லை. அவர் தவிர்த்தது அக்கா வீட்டை. நடந்தால் சில நிமிடம்தான். அந்தத் தெருவை விட்டு விலகிச் சுற்றிப் போவார். நவம்பர் 30 நினைவுத் திருப்பலிக்கு ஒரு வருடமும் போனதில்லை. அந்த நாளில் ஊரில் இல்லாதபடி பார்த்துக்கொள்வார்.

கேள்வியை மாற்றிக் கேட்டபோது

இரண்டு விதிகளும் முரண்படும்போது ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவது சுலபம். பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. ஐசிடி-11 'இல்லை' என்று சொன்ன இரண்டு இடங்களை மட்டும் எடுத்து, மனைவியையும் உட்கார வைத்து, மறுபடி கேட்டோம். 'தோன்றுகிறதா' என்று கேட்காமல், மழை இரவில் நீங்கள் என்ன செய்வீர்கள், கை எங்கே இருக்கும், கண் எதைப் பார்க்கும் என்று கேட்டோம்.

தகரக் கூரையில் மழை விழத் தொடங்கினால் கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார் என்றார் மனைவி. கூப்பிட்டால் கேட்காது. விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும். அவரிடம் கேட்டபோது, "ஓர்மை வருதுன்னு சொல்ல முடியாது சார். அந்நேரம் நான் தண்ணியிலதான் கெடப்பேன். உப்பு ருசிகூட வாயில வரும்" என்றார். முதல் தடவை ஏன் இல்லை என்றார் என்பதும் புரிந்தது: அதை அவர் நினைவு என்ற கணக்கிலேயே வைத்திருக்கவில்லை.

கனவு விஷயமும் அப்படியே. இரண்டாம் நாள் மருமகன் கடல்நீரைக் குடித்திருக்கிறான். அதற்கு முன் மணிக்கணக்கில் "மாமா, தண்ணி" என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். இதை அவர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடமும். வாசலில் வந்து தண்ணீர் கேட்கும் கனவில் கடல் இல்லைதான், ஆனால் அந்த இரவு முழுசாக இருக்கிறது.

உஷார் பற்றிய பதிலும் பாதிதான் சரி. படகில் வானத்தைப் பார்ப்பது தொழில். பிப்ரவரி மாதத்து வெயிலில், குழித்துறை ஆற்றுப் பாலத்தில் பஸ் ஏறும்போது ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடிப்பது தொழில் இல்லை. கோவிலில் வாசலை ஒட்டியே நிற்பார். பிள்ளைகள் தூங்கும் கட்டிலுக்கு அடியில் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் வைத்திருந்தார். பூச்சி அரிக்கிறதா என்று அடிக்கடி எடுத்துப் பார்ப்பார். ஆபத்து இல்லாத இடத்திலும் இருக்கிறது என்று உடம்பு நம்புவதைத்தான் ஐசிடி-11 கேட்கிறது.

இப்போது இரண்டு விதிகளிலும் பிடிஎஸ்டி. ஐசிடி-11-இன் முதல் 'இல்லை' நமக்குச் செய்த உதவி பெரியது. டிஎஸ்எம்-5-இன் 'ஆம்' பெரும்பகுதி தூக்கமின்மை, எரிச்சல், ஒட்டாமை இவற்றை வைத்தே நிறைந்துவிட்டது. மனச்சோர்வில் இருக்கும் பலருக்கும் அவை இருக்கும். அதோடு நிறுத்தியிருந்தால் கட்டில் சட்டமும் லைஃப் ஜாக்கெட்டும் வெளியே வந்திருக்காது. மறுபக்கம், அவரை உள்ளே தின்றுகொண்டிருந்த குற்ற உணர்வைப் பற்றி ஐடிக்யூ-வின் பிடிஎஸ்டி பகுதி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதனால் எங்கள் பிரிவில் இப்போது நோயின் பெயரை ஐசிடி-11 படி எழுதுகிறோம், நேர்காணலை டிஎஸ்எம்-5-இன் அகலத்தில் நடத்துகிறோம். சட்டமும் இதற்குப் பொருந்துகிறது: மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, மனநோயைத் தீர்மானிக்க ஏற்கப்பட்ட மருத்துவ அளவுகோல்களைச் சொல்லும்போது ஐசிடி-யின் புதிய பதிப்பைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

சிக்கலான பிடிஎஸ்டி-யா என்றும் பார்த்தோம். "நான் அவன விட்டுட்டேன்" என்பதில் அவர் உறுதியாக இருந்தார். ஆனால் தன்னை எதற்கும் லாயக்கற்றவன் என்று நினைக்கவில்லை. டிரைவர் வேலையில் தன் கை மேல் அவருக்கு நல்ல மதிப்பு இருந்தது. குற்றம் அந்த ஓர் இரவோடு நின்றது. ஆகவே இல்லை. குடி பிற்பாடு வந்தது, தூங்குவதற்காகக் குடித்தது. மனச்சோர்வு லேசாக உடன் இருந்தது.

அக்கா

அவரோடு ஒரு நாள் அக்காவும் வந்தார். 'தம்பிக்கு என்ன' என்று கேட்க வந்தவரிடம் நாங்களும் பேசினோம்.

டிஎஸ்எம்-5 படி நெருங்கிய ஒருவர் விபத்தில் இறந்ததை அறிவதே பேரதிர்ச்சி நிகழ்வுதான். ஐசிடி-11 விளக்கமும் அதை ஏற்கிறது. ஆக முதல் வாசலை அவரும் தாண்டுகிறார். மகன் முகம் தினமும் வருகிறது, தூக்கம் இல்லை, எதிலும் பற்றில்லை. எண்ணிக்கை போட்டால் அவருக்கும் பிடிஎஸ்டி என்று எழுதிவிடலாம். ஆனால் அந்த முகம் வர வேண்டும் என்று அவர் விரும்புகிறார். பயமில்லை, தவிர்ப்பும் இல்லை. மகனின் சட்டையைத் துவைக்காமல் வைத்திருக்கிறார், படகு வரும் நேரம் கரையில் போய் நிற்கிறார். இது நீடித்த துயர நோய். ஐசிடி-11 ஆறு மாதம் தாண்டினால் எழுதச் சொல்கிறது. 2022-இல் திருத்தி வந்த டிஎஸ்எம் பதிப்பு ஒரு வருடம் கேட்கிறது. ஊர் வழக்கத்தையும் சமய வழக்கத்தையும் தாண்டிய துயரமாக அது இருக்க வேண்டும் என்று ஐசிடி-11 சொல்கிறது. இங்கே அதை முடிவு செய்வது சிரமம். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் எல்லோரும் மெழுகுவர்த்தியோடு கல்லறைக்குப் போகும்போது இவருக்குப் போக ஒரு கல்லறை கிடையாது. காணாமல் போனவர் இறந்ததாகக் கொள்ள அப்போதிருந்த இந்தியச் சாட்சியச் சட்டத்தில் ஏழு வருடக் கணக்கு இருந்தது. ஓகியில் காணாமல் போனவர்களுக்காக அரசு அந்தக் காத்திருப்பைத் தளர்த்தி 20 லட்சம் ரூபாய் நிவாரணம் கொடுத்தது. நல்ல காரியம்தான், குடும்பங்கள் பட்டினி கிடக்கவில்லை. ஆனால் மகன் இறந்தான் என்று தான் கையெழுத்துப் போட்டதாக அக்கா நினைக்கிறார்.

சிகிச்சை

முதலில் குளோனசெபாமைப் படிப்படியாகக் குறைத்தோம். பிடிஎஸ்டி-க்கு இந்த வகை மாத்திரைகள் பரிந்துரைக்கப்படுவதில்லை; பேசிக் குணப்படுத்தும் சிகிச்சைக்கும் குறுக்கே நிற்கும். மனநல மருத்துவர் மனச்சோர்வுக்கும் தரப்படும் செர்ட்ராலின் மாத்திரையை 50 மில்லிகிராமில் தொடங்கி 100 வரை ஏற்றினார்.

அடுத்தது நீடித்த எதிர்கொள் சிகிச்சை. நடந்ததைக் கண்ணை மூடி நிகழ்காலத்தில் சொல்ல வேண்டும், அதைப் பதிவு செய்து வீட்டில் தினமும் கேட்க வேண்டும், தவிர்ப்பவற்றை வரிசைப்படுத்தி ஒவ்வொன்றாக நேரில் சந்திக்க வேண்டும். புத்தகப்படி வாரம் ஒன்றோ இரண்டோ அமர்வு. வாரக்கணக்கில் கடலில் தங்குகிறவருக்கு இது எப்படி முடியும்? மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். அந்த இரண்டு மாதத்துக்குள் வாரம் இரண்டு என்று எல்லா அமர்வையும் அடைத்தோம். இந்தக் கடற்கரை ஆட்களுக்குச் சிகிச்சை திட்டமிடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்த நாட்காட்டியை என்பேன். தென்மேற்குப் பருவமழையும் அதே மாதங்களில்தான், தகரக் கூரை மழைக்குத் தனியாக ஏற்பாடு எதுவும் தேவைப்படவில்லை. பதிவைக் கேட்க வீட்டில் தனியிடம் இல்லாததால் வலை சரிசெய்யும் கொட்டகையில், காதில் இயர்போனோடு, கையில் வேலையோடு கேட்டார். கவனம் வேலையில் போய்விடுமே என்று எனக்குத் தயக்கம் இருந்தது. பல இடங்களில் கை தானாக நின்றுவிடும் என்றார், அதனால் விட்டுவிட்டோம்.

அந்த இரண்டாம் இரவை எத்தனை முறை சொன்னாலும் ஒரு இடம் தெளியவே இல்லை. கையை விட்டது இவரா, அவனா? கடல்நீர் குடித்தவனுக்குப் புத்தி பிசகும். "வீட்டுக்குப் போறேன் மாமா" என்று அவன் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. மணிக்கணக்கில் நீரில் கிடந்த உடம்பு வெப்பத்தை இழந்து விரல் பிடி தளரும், நீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுக்கும் என்று விளக்கினோம். 'நீங்கள் விடவில்லை' என்று நாங்கள் சொல்லவில்லை, அது எங்களுக்கும் தெரியாது. பிடித்திருக்க முடியுமா என்ற கேள்விக்கு மட்டும் அவர் மெல்ல ஒரு பதிலுக்கு வந்தார்: "அந்நேரம் எனக்க கைய எனக்கே தெரியல்ல."

வரிசையில் கடைசிக்கு முந்தியது அக்கா வீடு. ஜூலை இறுதியில் போனார். குற்றம் சொல்வார் என்று பயந்து போனவரிடம் அக்கா கேட்டது, "அண்ணைக்கு அவன் சோறு தின்னானாடே?" என்பதுதான். கவிழ்வதற்கு முன் மத்தியானம் மீன் குழம்பும் சோறும் தின்றதை இவரால் சொல்ல முடிந்தது. திருப்பலிக்கு அந்த நவம்பரிலும் அவர் போகவில்லை.

முடிவில்

தடைக்காலம் முடிந்தபோது பிசிஎல்-5 மதிப்பெண் 21. ஆறு மாதம் கழித்து 24. ஒரு மழைக்கால இரவு மறுபடி கட்டில் சட்டத்தைப் பிடித்திருக்கிறார், ஆனால் கூப்பிட்டதும் கேட்டிருக்கிறது. ஐசிடி-11 படி இப்போது நோயில்லை. டிஎஸ்எம்-5 படியும் இல்லை, ஆனால் தூக்கமும் குற்ற உணர்வும் அந்தக் கொத்துகளில் இன்னும் தனித்தனியாக நிற்கின்றன. லைஃப் ஜாக்கெட்டுகளில் ஒன்று படகுக்குப் போய்விட்டது. மாற்றுத்திறனாளி சான்றிதழ் பற்றிச் சொன்னோம். மனநோய்க்கும் 40 சதவீத வரம்பில் அது உண்டு. வேண்டாம் என்றார். அந்தத் தாள் கையில் இருந்தால் யாரும் படகைத் தர மாட்டார்கள் என்பது அவர் கணக்கு.

நோயேட்டில் அவருக்கு 6பி40 என்றும் அக்காவுக்கு 6பி42 என்றும் ஐசிடி-11 எண்களை எழுதினோம். அக்காவை அனுப்பி வைத்த இடத்துக் கணினி இன்னும் ஐசிடி-10 எண்களை மட்டும்தான் வாங்குகிறது. தம்பிக்குப் பழைய பட்டியலில் எஃப்43.1 இருக்கிறது, சிக்கலில்லை. நீடித்த துயரத்துக்கு அதில் தனி எண்ணே கிடையாது. துயர எதிர்வினை என்பது எஃப்43.2, அதாவது தகவமைப்புக் கோளாறுக்குள் வருகிறது. பொதுவாக ஆறு மாதத்தைத் தாண்டாது என்று அந்த எண்ணுக்குக் கீழே விளக்கம் இருக்கிறது. அக்காவுக்கு அது ஆறாவது வருடம். அந்த எண்ணையே போட்டு, சரியான பெயரைப் பக்கத்தில் கையால் எழுதி அனுப்பினோம்.